தாமாக வெளியேறினார்கள்

அவரை எல்லோரும் டைப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த ஊர் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு நாடுகளும் இன்றுவரை அதற்காக மல்லுக்கு நிற்கின்றன. டைப்பு நாற்பத்தைந்து வருடமாக இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்.

கண்ணை மூடினால் போதும், ஊர் வந்துவிடும். ஆற்றை ஒட்டி மேலேறும் ஒரே தெரு. சலூன் வாசலில் வாயே மூடாத ரேடியோ. மூன்று மணிக்கே மலையின் நிழல் விழுந்துவிடும், அலுவலகத்தில் விளக்குப் போட்டாக வேண்டும். ஜன்னலோரம் அவர் மேஜை. டீச்சராக இருந்த அவருடைய அக்கா பள்ளிக்கூடம் விட்டுக் குடையோடு இறங்கி வருவது அங்கிருந்தே தெரியும்.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் ஊருக்கென்று ஒரு பக்கம் இருப்பதைப் பேத்திதான் காட்டினாள். ஆறு, மலை, படம் எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "போருக்குச் சற்று முன்பு மக்கள் தாமாக வெளியேறினார்கள்." டைப்புக்கு ரத்தம் கொதித்தது. தாமாகவா? ஒலிபெருக்கியில் ஒரே நாள் கெடு கொடுத்தல்லவா துரத்தினார்கள்!

"அந்தப் பக்கத்துக்காரன் எழுதி வெச்ச புளுகு" என்று அழித்தார். மறுநாள் வரி திரும்பி வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. திருத்தங்களைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் ஒருதலைப்பட்சம், ஓரவஞ்சனை என்று விளாசித் தள்ளினார். கோபம் வந்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

அக்காவுக்கு எழுபத்தெட்டு. ஞாயிறு தவறாமல் போன் செய்வாள்.

"மாத்திட்டாங்களாடா? நான் போறதுக்குள்ள அதைப் பாத்துடணும்."

"மாத்த வைக்கிறேன்க்கா. விடமாட்டேன்."

கடைசியில் கலைக்களஞ்சியத் தொகுப்பாளர் ஒருவர் பதில் போட்டார். "ஐயா, நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை. ஆதாரம் இதோ." ஆவணக் காப்பகத்திலிருந்து முந்நூறு படிவங்கள். ஒவ்வொன்றிலும், "என் சொந்த விருப்பத்தின்பேரில் ஊரைவிட்டுச் செல்கிறேன்." கீழே கையெழுத்து. இடது மூலையில், அடித்தவர் யார் என்று காட்டத் தட்டச்சர்கள் போடும் தங்கள் பெயரின் முதலெழுத்து.

அது டைப்புவின் எழுத்து.

அன்று நகராட்சி ஆணையர், நம் பக்கத்து ஆள்தான், சொன்னது ஞாபகம் வந்தது. "இப்படி எழுதிக் குடுத்தாத்தான் பஸ்ல இடம். சீக்கிரம் அடிப்பா." வாசல்வரை வரிசை. குழந்தைகள் வேறு அழுதுகொண்டிருந்தன. சீக்கிரம் எல்லோரையும் ஏற்றிவிட வேண்டும் என்று விரல் வலிக்க அடித்தாரே தவிர, அடித்த வாக்கியத்தை அவர் கவனிக்கவே இல்லை. நூற்றுப் பன்னிரண்டாவது படிவத்தில் அம்மாவின் கையெழுத்து இருந்தது.

இந்த முறை அவரே போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"அக்கா, அம்மா அதைப் படிச்சுப் பாத்தாங்களா?"

"ரெண்டு தடவை படிச்சாங்கடா. எம்புள்ள ஒரு தப்பில்லாம எவ்வளவு அழகா அடிச்சிருக்கான் பாருங்கன்னு வரிசைல நின்னவங்ககிட்டல்லாம் காட்டினாங்க."

டைப்பு வாய்விட்டு அழுதார். அக்கா போனை வைக்கவில்லை.