கதவில்லாத மெஷின்

என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். தமிழ் எம்.ஏ. படித்தபோது இந்தக் குணத்துக்கு ஒரு மரியாதையான வேலை கிடைத்தது. ஒரே பாடலின் பல ஏட்டுப் படிகளை ஒப்பிட்டு, எங்கே யார் கை வைத்திருக்கிறார் என்று துருவுகிற வேலை. அந்தப் படிப்பு சோறு போடவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், செய்முறைக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே தகடு அழுத்தும் பிரெஸ் மெஷினில் ஓர் இளைஞருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. தண்டலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தப்பு அவருடையது என்று முடிவானால் வைத்தியமும் அவர் பாடு, வேலையும் கிடையாது.

உடன் வேலை செய்த ஆறு பேர் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களை மேனேஜர் என் மேசையில் வைத்தார்.

"அஞ்சு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க. அந்த பென்னலூர் அம்மா மட்டும் வேற கதை சொல்லுது. டைப் பண்ணி ஒரே பக்கத்துல சுருக்கிக் குடுத்துடுங்க" என்றார்.

ஐந்து பேரும், இளைஞர் தானாகவே மெஷினைத் திறந்து கையை விட்டார் என்று எழுதியிருந்தார்கள். பென்னலூரிலிருந்து வேலைக்கு வரும் அந்த அம்மா, காலையிலிருந்தே பாதுகாப்பு சென்சாரை அணைத்து வைத்துத்தான் வேலை வாங்கினார்கள் என்று எழுதியிருந்தார். எனக்கும் முதலில் அவர்மேல்தான் சந்தேகம். லீவு கொடுக்காத சூப்பர்வைசரோடு அவர் சண்டை போட்டது கேண்டீன் முழுக்கத் தெரியும். பழி தீர்க்கிறாரோ என்று நினைத்தேன்.

ஆனால் டைப் அடிக்க அடிக்க மற்ற ஐந்தும் உறுத்தின. வீட்டுக்குப் போனதும் படிக்கிற காலத்தில் பழகிய ஒப்பீட்டு மென்பொருளில் ஆறையும் போட்டேன். அது ஒவ்வொரு சொல்லையும் ஒரு புள்ளியாக்கி, எந்தப் படி எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல்லுக்குப் போகிறது என்று அம்புகளால் இணைத்து, ஒரு வரைபடக் கோப்பாகத் தரும். திறந்து பார்த்தால் வெறும் குறிகளும் எண்களும்தான். அதைப் படித்து, எந்த அம்பில் யார் யார் போகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல அந்தக் காலத்திலேயே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன்.

உண்மையாகவே பார்த்ததைச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் கிளை பிரிவார்கள். ஒருவருக்கு ரத்தம் முதலில் நினைவு வரும், ஒருவருக்குச் சத்தம். இந்த ஐந்து பேரும் தொடக்கத்தில் கொஞ்சம் பிரிந்துவிட்டு, நடுவில் ஒரே அம்பில் ஏறிக்கொண்டார்கள். 'பாதுகாப்புக் கதவைத் தன்னிச்சையாகத் திறந்து' என்பதிலிருந்து வாக்கியம் முடியும்வரை யாரும் இறங்கவே இல்லை. ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய ஐந்து படிகள் ஐந்து சாட்சிகள் ஆகாது, ஒரே சாட்சிதான். ஏடு பார்க்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்குக் கோபம் வந்தது, அவர்கள்மேல் மட்டுமல்ல, சுருக்கிக் கொடுக்க உட்கார்ந்த என்மேலும்தான்.

மறுநாள் கேண்டீனில் தட்டு கழுவும் இடத்தில் அந்த அம்மாவைப் பிடித்தேன். கதவைத் திறந்ததை அவர் பார்த்தாரா என்று கேட்டேன்.

"இன்னா கதவு மேடம்? அந்த மெஷின்ல ஏது கதவு? கதவு பக்கத்து மெஷின்ல கீது. இதுல சென்சார் லைட்டுதான். கைய நீட்னா மெஷின் நின்னுடும். அன்னிக்கு அத்த ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்கோ" என்றார். தட்டை உதறிவிட்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. ஏற்கெனவே என்னை மொறைச்சிகினு கீறாங்க" என்றார்.

அவர் சொன்னதையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, குறிப்புத் தாள் ஒட்டப் போகிறவள்போல் அந்த மெஷினைச் சுற்றி வந்தேன். கதவு இல்லை. இருந்ததற்கான கீல் தடம்கூட இல்லை. தினமும் அதன் முன்னால் நிற்கிறவர் யாரும் தானாக அப்படி எழுத மாட்டார். அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தவர் மெஷின் பக்கமே வராதவர்.

ஐந்து பேரும் ஒரே அம்பில் போகும் பக்கத்தை அச்செடுத்து, அந்த மெஷினில் கதவு கிடையாது என்று கீழே எழுதி, அடுத்த நாள் மதியம் மேனேஜர் மேசையில் வைத்தேன். சுருக்கம் எங்கே என்றார். இதுதான் சார் சுருக்கம் என்றேன். தாளை எடுத்துப் படித்தார். அது உண்மையா என்று கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்றும் எழுந்திருக்கவில்லை.

"கதவு இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

யார் வாக்கியம் அது என்று அப்போது எனக்குத் தெரிந்துபோனது.

"யாரும் சொல்லல சார். நானே போய்ப் பார்த்தேன்."

"சரி, வச்சிட்டுப் போங்க. இது வெளிய போக வேணாம்" என்று அதை இழுப்பறைக்குள் தள்ளினார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு வாக்குமூலங்களும் அதே பக்கத்தின் இன்னொரு படியும் காலையிலேயே தண்டலம் ஆஸ்பத்திரியில் அந்த இளைஞருடைய அண்ணன் கைக்குப் போய்விட்டன. அவர் ஒரு வக்கீலைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்.