கைப்பேசியை முதலில் அணைப்பவர்

அந்த ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரில் வாரத்துக்கு மூன்று நாடகம், கச்சேரி என்று அலைந்து களைத்திருந்தேன். மேடையேறியவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். போகாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எங்கே போனாலும் கடைசி வரிசை ஓரத்தில் ஒருவர் இருப்பார். நரைத்த மீசை, சட்டைக் கையில் கிரீஸ் கறை. கைப்பேசிகளை அணைக்கச் சொல்லி அறிவிப்பு வந்ததும் அவர்தான் முதலில் அணைப்பார். அடுத்த நிமிடம் தூங்கிவிடுவார். முடிந்ததும் அவருடைய கைதட்டல்தான் பலமாகக் கேட்கும்.

ஜாலான் புசாரில் ஒரு நாடக இடைவேளையில் கேட்டேவிட்டேன். "தூங்கறதுக்கா வர்றீங்கண்ணே?"

"லிஃப்ட் ரிப்பேர் வேலை லா. லீவு நாள்லயும் போன் வரும். வீட்ல இருந்துட்டு எடுக்கலன்னா முதலாளி திட்டுவாரு. நாடகத்துல இருந்தேன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு கைதட்டல்?"

"தூங்க விட்டாங்கல்ல."

விடுமுறையின் கடைசி நாடகம் காத்தோங்கில். என் தங்கை முதல்முறையாக நடித்தாள். அவருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அறிவிப்பு வந்ததும் நானும் கைப்பேசியை அணைத்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். அரங்கில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சு. எழுந்து தட்டுங்க" என்றார் அவர்.

மேடையிலிருந்து தங்கை என்னையே பார்த்துச் சிரித்தாள். நான் அவரைவிடப் பலமாகத் தட்டினேன்.