ஷீல்டில் பானிபூரி

போன ஞாயிற்றுக்கிழமை என் கையில் ஒரு ஷீல்டைக் கொடுத்தார்கள். எனக்கு இல்லை, நான் இன்னொருவருக்குக் கொடுப்பதற்காக. அதில் எழுதியிருந்ததைப் படித்ததும் ஏறிய கோபம் இதை எழுதுகிற நிமிஷம் வரை இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் டீமுக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி. ஃபைனல். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாராவாரம் எழுதுகிறவளுக்கு இப்படிச் சில மாலைகள் வாய்க்கும் — சால்வை, பன்னீர் சோடா, பிளாஸ்டிக் நாற்காலி. போட்டியை நடத்துகிற கருணாகரன்தான் மைக்கிலும். நல்ல மனிதர். ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் நிறுத்தத் தெரியாது.

"பந்து இப்ப ராக்கெட் கையில... சாரி, கால்ல! ராக்கெட் பாஸ் பண்றாரு... பானிபூரி வாங்கினாரு... ஒருத்தனைத் தாண்டிக்கினாரு பானிபூரி... பானிபூரி... கோலு!"

மைதானமே எழுந்து நின்று கத்தியது. "பானிபூரி! பானிபூரி!"

யாரப்பா அது? பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன்.

"நார்த் ஆளு மேடம். காட்டுப்பள்ளி கப்பல் யார்டுல வெல்டிங் வேலை. சூப்பரா ஆடுவாரு."

"பேரு?"

"பானிபூரிதான்."

"அது பேரா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கோல் அடித்தவர் கையைத் தூக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினார். கடைசி விசில் அடிக்கும் முன் இன்னொரு கோலும் போட்டார். அவர் டீம்தான் ஜெயித்தது.

அப்புறம் மேடை. கருணாகரன் ஒரு ஷீல்டை என் கையில் திணித்தார். 'அதிக கோல் அடித்தவர்' என்று தங்க எழுத்தில் ஸ்டிக்கர். அதற்குக் கீழே, இன்னும் பெரிய எழுத்தில் — பானிபூரி.

நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கருணா, இது என்ன?"

"ஷீல்டு மேடம்."

"பேரைக் கேட்கிறேன்."

"அதுவா... தமாசு மேடம். பாசமா கூப்டறோம். அவுருகூட ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"அவர் சொந்தப் பேர் என்ன?"

கருணாகரன் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். பல வருஷமாக அந்த மைதானத்தில் ஆடுகிற ஒருவரின் பெயர் மேடையில் இருந்த ஒரு ஆளுக்குக்கூடத் தெரியவில்லை!

ஷீல்டை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். அவர் ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பேரைக் கேட்டேன்.

"சுனில் டோப்போ, மேடம். ஜார்க்கண்ட்." நல்ல தமிழ். நம் ஊர்த் தமிழ்.

ஷீல்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"கிரவுண்டுல கூப்டறாங்க, கூப்ட்டுப் போட்டும் மேடம். வேலை செய்ற எடத்துலயும் அப்டித்தான். சண்டை போட்டா ஆட வுட மாட்டாங்க. ஆனா ஷீல்டுல வாணாம். அது வூட்டுக்கு வரும்ல? எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் பொண்ணுக்குத் தெரியும். மணலி புதுநகர்ல மூணாவது படிக்குது."

அப்பா வாங்கி வந்த பரிசை அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதை நினைத்துப் பாருங்கள். பா... னி... பூ... ரி.

பட்டப்பேரே கூடாது என்று சொல்ல வரவில்லை. பட்டப்பேர் இல்லாத ஆள் எங்கள் பக்கம் உண்டா? அதே டீமில் வேகமாக ஓடுபவர் ராக்கெட். பந்து கையில் ஒட்டிக்கொள்கிற கோல்கீப்பர் ஃபெவிகால். அதெல்லாம் அவரவர் ஆடிச் சம்பாதித்த பேர். இவருக்கு மட்டும் ரயில் ஏறி வந்த திசைக்கு ஒரு பேர்! அதுவும் இவருக்கென்று வைத்தது இல்லையாம். முன்னால் ஆடிய ஒடிசாக்காரரும் பானிபூரிதானாம். அவர் போனார், பேர் மிஞ்சியது, இவர் தலையில் மாட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். நம் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு அதை ஆடத் தொடங்கிய அந்தக் காலத்தில், அந்த மண்ணின் பூர்வகுடி வீரர்கள் பலருக்கும் ஒரே பட்டப்பேர்தான் — 'சீஃப்'. அதாவது, தலைவர். கேட்க மரியாதையாக இருக்கிறதா? அந்தத் 'தலைவர்' மட்டையோடு வந்து நின்றால் கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிடும். ஜெர்மன் வீட்டுப் பிள்ளை என்றால், அவர்கள் பாஷையின் பேரான 'டாய்ச்'சைச் சிதைத்து, 'டச்சு'. காது கேளாதவர் என்றால் 'டம்மி' — ஊமை! பத்திரிகைகளும் கூசாமல் அப்படியே அச்சடித்தன. கேட்டிருந்தால் அங்கேயும் இதே பதில்தான் வந்திருக்கும். தமாசு... பாசம்...

இது என்ன பாசமோ! எப்போதும் ஒரு பக்கமாகவே பாய்கிறது.

நாம் இன்னா, கீது என்று பேசுவதைச் சினிமாவில் கிண்டல் செய்தால் நமக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது? வட சென்னை என்றாலே கத்தியா என்று எத்தனை மேடையில் குமுறியிருக்கிறோம்? இதே கருணாகரனின் மகளை, கிண்டி பக்கம் வேலை பார்த்த ஆபீஸில் 'ஏய், காசிமேடு' என்று ஒருவன் கூப்பிட்டான். கருணாகரன் நேரே போய் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்தவர். அப்போது அவனும் தமாசு என்றுதான் சொன்னானாம்.

மேடைக்குத் திரும்பி இதையே அவரிடம் கேட்டேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. "அது வேற மேடம்..." என்றார்.

எப்படி வேறு?

பதில் வருவதற்குள், சுனில் கீழே என்னிடம் சொன்னதைக் கேட்டிருந்த அவர் டீமின் கேப்டன் மகேஷ் மேடை ஏறி வந்துவிட்டார். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தோளும் குரலும் பெரிசு. ஷீல்டை என் கையிலிருந்து வாங்கினார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். வரவில்லை. பைக் சாவியை எடுத்துச் சுரண்டினார். பேர் போய், பசையும் கீறலும் மிஞ்சின.

"மாமு, அவன் பேரைச் சொல்லி மைக்ல கூப்டு. அப்பாலதான் நாங்க கப்பு வாங்குவோம்."

"நீயும்தானேடா பானிபூரின்னு கூப்ட்டுகினு இருந்த?" கருணாகரன் கத்தினார்.

"ஆமா. கூப்ட்டேன். இனிமே கூப்ட மாட்டேன். நீ பேரைச் சொல்லு."

கீழே மொத்த டீமும் வந்து நின்றது. ராக்கெட் கையைக் கட்டிக்கொண்டார். கருணாகரன் வேறு வழியில்லாமல் மைக்கை எடுத்தார்.

"அதிக கோல் அடிச்சவரு... சுனில் டோப்பா!"

கேட்க வேண்டுமா? டோப்பா என்றால் பொய்முடி ஆயிற்றே! கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருத்தர் எழுந்து தலைமுடியை இழுத்துக் காட்டினார். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் இருந்தது.

அதற்குத் தேவையே வரவில்லை. சுனில் மேடை ஏறினார். கருணாகரனிடம் கையை நீட்டினார். மைக் கைமாறியது.

"டோப்பா இல்ல. டோப்போ. என் பேரு சுனில் டோப்போ."

சிரிப்பு அடங்கியது. மகேஷ்தான் முதலில் கத்தினார், "டோப்போ!" டீம் கத்தியது. அப்புறம் கூட்டத்தில் பாதி. மீதிப் பாதி சும்மா இருந்தது. பொய் சொல்வானேன், எல்லாரும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. வெளியே போகும்போது, "ஒரு பேருக்குப் போயி இன்னா பேஜாரு பண்றாங்கப்பா" என்று ஒருவர் அலுத்துக்கொண்டது என் காதிலேயே விழுந்தது.

கீறல் விழுந்த ஷீல்டை நான் கொடுக்க, சுனில் வாங்கிக்கொண்டார். புதுசு செய்து தருவதாகக் கமிட்டி சொன்னது.

புதன்கிழமை கருணாகரன் போன் செய்தார்.

"மேடம், அவுரு வூட்ல பேசுற பாஷை, குடுக்கோ இன்னாவோ, அது நம்ம தமிழுக்குச் சொந்தமாமே? மகேஷ் சொன்னான். மொதல்லயே தெரிஞ்சிருந்தா நாங்க அப்டிக் கூப்ட்டே இருக்க மாட்டோம்!"

எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. சொந்தக்காரப் பாஷை பேசினால்தான் ஒருவருக்குப் பேர் உண்டா? அப்படியென்றால் அந்த ஒடிசாக்காரர் என்ன பாவம் செய்தார்? கேட்டேன். "கரெக்டுதான்..." என்று இழுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"புது ஷீல்டுக்கு ஆர்டர் குடுக்கப் போறேன். பேரு எப்டி எழுதறதுன்னு..."

"என்னை ஏன் கேட்கிறீர்கள்? அவரையே கேளுங்கள். நம்பர் இல்லையா?"

"கீது மேடம். போன்ல கீது."

"என்ன பேரில் போட்டு வைத்திருக்கிறீர்கள்?"

"பா..." என்று ஆரம்பித்தவர் இருமத் தொடங்கினார்.

"முதலில் அதை மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.