மருதமரத்தை விட்டுப் போன தேனீக்கள்

எங்கள் ஊருக்குக் கீழே ஓடையோரம் நின்ற பெரிய மருதமரம்தான் தேன்மரம். அப்படி ஒரு மரம் இருந்தால் எங்கள் புதூர்நாட்டு மலைப்பக்கம் அந்த ஊருக்கு இருக்கும் திமிரைக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் மலைத்தேனீ வந்து கிளைகளில் முறம் அகலத்துக்கு அடை கட்டும். பூஜை போட்டுத்தான் தேன் எடுப்பார்கள்; வீட்டுக்கு ஒரு பங்கு. தேனீ வராவிட்டால் யாரோ தீட்டோடு மரத்தடியில் நடந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆளைக் கண்டுபிடித்து விலக்கி வைக்க வேண்டும். இதுதான் சட்டம். நாசமாய்ப் போன சட்டம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் தேனீ வரவில்லை. முந்தைய இரண்டு வருஷமும் மழை ஏமாற்றியிருந்தது. ஓடை மாசியிலேயே வற்றிவிட்டது. மரத்தடியில் நின்றாலே அனல் அடித்தது. கண் இருக்கிற எவனுக்கும் விஷயம் புரிந்திருக்கும். ஆனால் ஊர்க்கூட்டத்தில் வெயிலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என் அம்மா ஒரு சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் அந்த வழியாக வந்தாள் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். அப்பா இல்லாத வீடு, கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, அம்மாவோடு பேசக்கூடாது, களை பறிக்கக் கூப்பிடக்கூடாது என்று தீர்ப்பு. அதுவரை அவளோடு சிரித்துப் பேசிய பொம்பளைகள் மறுநாள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

சில வாரம் கழித்து விறகுக்காக உச்சிக்காட்டுக்குப் போனேன். அங்கே கோடையிலும் குளிர் நடுக்கும். மலைத்தேனீ அங்கே கூடு கட்டி நான் பார்த்ததே இல்லை. அன்று சுனைக்கு மேலே தொங்கிய பாறை முழுக்கக் கறுப்பாய் அடை. விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

ஊர்ப் பெரியதனக்காரர் தன் வாசலில் நாலைந்து பேரோடு பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தேனீ எங்கியும் பூடலீங்க. மேல சுனைப்பாறையில கீது. கீழ வெக்க தாங்காம ஏறிப் போயிருக்குதுங்க. எங்கம்மா இன்னா பண்ணுவாங்க?" என்றேன்.

அவர் குச்சியைத் துப்பினார். "அதத்தான் நாங்களும் சொல்றோம். ஒங்கம்மா தீட்டு தாங்காமதான் அவ்ளோ தூரம் ஏறிப் பூட்ச்சு."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த மண்டைகளை அம்மியில் வைத்து நசுக்கலாம் போல் இருந்தது.

சூடு ஏறினால் பூச்சியும் பறவையும் குளிர்ந்த இடம் தேடி மலையேறும், ஏறுவதற்கு மலை மிச்சமில்லாதது அழியும் என்று இப்போது ரேடியோவில்கூடச் சொல்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் அதற்கு வைத்த பெயர் என் அம்மா. அவளோடு ஒரு வருஷம் யாரும் பேசவில்லை.

அடுத்த கோடையிலும் தேனீ பாறையில்தான் கட்டியது. ஊர் என்ன செய்தது? மேளத்தோடு பூஜையை மேலே தூக்கிக்கொண்டு போனது. மரத்துக்குச் செய்ததையெல்லாம் பாறைக்குச் செய்து, கயிறு கட்டி இறங்கித் தேன் எடுத்தார்கள். வெட்கமாவது மானமாவது! அன்று சாயங்காலம் பெரியதனக்காரரே தேன்சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இந்தாம்மா, ஒன் பங்கு. ஊர் ஒன்ன மன்னிச்சுட்ச்சு. நாளைலேர்ந்து எல்லார் வூட்டுக்கும் நீ வரலாம்."

அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நான் இன்னும் ஊர மன்னிக்கலீங்களே," என்றாள். "சட்டிய எடுத்துனு போங்க."