மெதுவாகச் சுற்றும் இசைத்தட்டு

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளை லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் போய்ச் சேர்ந்தவள். அன்றைக்குச் சிரித்தவர்களையெல்லாம் இன்றைக்குப் பத்திரமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள். லிஃப்ட்டின் தரை மாடித் தரையோடு ஒரு நூல் விலகி நின்றாலும் விடமாட்டாள். அதைச் சரிசெய்த பிறகுதான் கை கழுவுவாள்.

மாடியில் அண்ணன் குடும்பம். கீழே இரண்டு அறைகளில் இவளும், அட்டை பிய்ந்த விஞ்ஞானக் கதைப் புத்தகங்களும், பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்றும். ஞாயிறு காலையானால் அண்ணன் பெண்கள் இரண்டு பேரும் தடதடவென்று இறங்கி வந்துவிடுவார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரைதான் கதை. முள் கடைசிக்குப் போய்க் கரகரத்தால் பாதி வாக்கியத்திலும் புத்தகம் மூடப்படும். காலில் விழுந்தாலும் மீதி அடுத்த ஞாயிறுதான்.

இப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில், அணைந்துபோன சூரியனைப் பற்றவைக்க ஒரு கப்பல் போகிறது. எல்லாரும் உறங்க, சமையல்காரன் மட்டும் விழித்திருக்கிறான். கப்பலின் கடைசி அறையில் வயர் வைத்த போன் ஒன்று விடாமல் அடிக்க, அதை எடுக்க இருட்டில் கிளம்புகிறான்.

"ஆயிரம் வருஷம் கழிச்சும் வயர் வச்ச போனா அத்தை?" என்று பெரியவள் கேட்பாள்.

"சூரியனே அணைஞ்சு கிடக்கு, டவர் மட்டும் வேலை செய்யுமா? பேசாம கேளு."

கூடவே ஓடுவது வார்த்தை இல்லாத ஆர்கன் இசை. அவசரமே தெரியாத இசை. அது தொடங்கினால் அறை பெரிதாகிவிடும். உலகத்தில் தனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று அத்தை ஒளிக்காமல் சொல்வாள்.

ஒரு ஞாயிறு பெரியவள் செல்போனோடு வந்தாள். பின்னாலேயே அண்ணனும் எதற்கோ வந்தார். தணிக்கை அலுவலகத்தில் பிறர் பிழையைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர் அவர்.

"அத்தை, நம்ம பாட்டு கிடைச்சிடுச்சு."

போனிலிருந்து அதே இசை குதித்துக்கொண்டு வந்தது. நாலு பேர் கைகோத்து ஆடுவதற்கென்றே போட்ட மெட்டு. அத்தைக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிளேயரை வாங்கிய புதிதில், அதன் மோட்டாரிலிருந்து தட்டைச் சுற்றவைக்கும் கப்பி உடைந்தது. கழித்துப்போட்ட லிஃப்ட் கதவு மோட்டாரிலிருந்து ஒரு சின்னக் கப்பியைக் கழற்றி மாட்டியவள் அவளேதான். கப்பி சிறிது, அதனால் தட்டு மெதுவாகச் சுற்றியது. இசைத்தட்டை வாங்கியது அதற்குப் பிறகு. அந்தப் பாட்டை அவள் ஒரு நாளும் சரியான வேகத்தில் கேட்டதே இல்லை.

அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "டான்ஸ் பாட்டைப் போட்டுட்டு விண்வெளின்னு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கா, இத்தனை வருஷமா."

அவளுக்கு அவமானமாக இருந்தது. முகம் சுட்டது.

"சரி, கப்பியை மாத்து. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

"மாத்தமாட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சப்புறமுமா? லிஃப்ட்டா இருந்தா விட்டிருப்பியா?"

"லிஃப்ட் தப்பா ஓடினா ஆளு விழுவான். பாட்டு மெதுவா ஓடினா யாருண்ணா விழுந்தா?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. "தப்பைத் தப்புன்னு ஒத்துக்காதவகிட்ட என் பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்? நீ அதை மாத்துற வரைக்கும் இவங்க கீழ வரமாட்டாங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. அண்ணனும் தங்கையும் அதைச் சமமாகவே பங்கு பிரித்திருந்தார்கள். போகும்போது சின்னவள் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனாள். அத்தை பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

வாரத்தின் நடுவில் அண்ணி இறங்கி வந்தாள். "மாத்தித்தான் தொலையேன். பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலை."

அண்ணிக்காக அவள் சரியான அளவில் ஒரு கப்பி தேடி வாங்கி வந்து மாட்டினாள். தட்டை ஓடவிட்டாள். நல்ல பாட்டுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் கப்பல் இல்லை. பக்கம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பழைய கப்பியையே மாட்டினாள். வராவிட்டால் போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளைத் துடைத்து வைத்தாள்.

ஞாயிறு வந்தது. படியில் காலடிச் சத்தம் இல்லை. பிளேயரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது மாடியிலிருந்து அந்த இசை கேட்டது. சுருதி கொஞ்சம் உயரம், ஆனால் வேகம் அவளுடைய வேகம். அவள் மெல்லப் படியேறி, திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றாள்.

பெரியவள் போனில் வேகத்தைக் குறைத்துப் பாட்டை ஓடவிட்டு, சின்னவளுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்திருந்தார். வெகுநேரமாக அவர் பக்கமே திருப்பவில்லை. சமையல்காரன் இருட்டில் தட்டுத்தடுமாறிக் கடைசி அறைக்கு வந்துவிட்டான்.

"அவன் கதவைத் திறந்தபோது எதிரே நின்றிருந்த," என்று பெரியவள் படித்தாள். பாட்டு முடிந்தது. புத்தகத்தை மூடினாள்.

"நின்றிருந்த?" என்றார் அண்ணன், செய்தித்தாளை இறக்கி.

"அடுத்த ஞாயித்துக்கிழமைப்பா."

"அந்த வாக்கியத்தையாவது முடி."

"பக்கம் முடிஞ்சிடுச்சுல்ல?"

"யாருன்னு மட்டும் சொல்லிடு, போதும்."

"அதை அத்தைதான் படிக்கணும். கீழ, அந்தப் பிளேயர்ல, அந்த வேகத்துல. வேணும்னா நீங்களும் வாங்க. நடுவுல சிரிக்கக் கூடாது."

அண்ணன் செய்தித்தாளை மறுபடி தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சரி என்று அவர் சொல்வதற்குள் அடுத்த ஞாயிறே வந்துவிடும் என்பது தங்கைக்குத் தெரியும்.

அவள் சத்தமில்லாமல் இறங்கி வந்தாள். புதுக் கப்பியைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். மூலையில் கிடந்த பழைய நாற்காலியைத் தூசு தட்டி, பிள்ளைகளின் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அதற்கு ஒரு கால் குட்டை. ஒரு நூல் விலகினாலும் பொறுக்காதவள் அதைச் சரிசெய்யவில்லை. அண்ணன் கொஞ்சம் ஆடிக்கொண்டே கேட்கட்டும்.