எதிர்வீட்டுக்காரரிடம் விடவிருந்த பூனை

மனைவி சொல்ல முந்தி நானே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் மேல் எனக்குப் பொல்லாத பொறாமை. நல்ல சிரிப்பு, இனிய பேச்சு. என் மனைவி வனஜா, “மனிசரோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு அவரிட்டப் பழகுங்கோ” என்பாள். எரிச்சலில் அவரைக் கள்ளன், தலைக்கு மை பூசுகிறவர் என்று தினமும் ஒரு புளுகு விட்டேன்.

யாழ்ப்பாணத்துக்கு நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டி, திறப்பையும் எங்கள் பூனையையும் அவரிடம் விடுவதாக முடிவானது. புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, அவர் தன் வாசலில் எங்கள் பூனையின் வாலை மிதித்தபடி நின்றார். அது கத்தக் கத்த, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதைத் தூக்கித் தடவி, “பாவம், என்ன நடந்தது செல்லம்?” என்றார். பூனையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் வனஜாவிடம் சொன்னேன்.

“இண்டைக்குப் புதுப் பொய்யோ?” என்றாள் வனஜா. என் பழைய புளுகுகளின் பலன். மாலையில் திறப்பு வாங்க அவர் வந்ததும், பூனை அலுமாரிக்கு மேல் பாய்ந்து சீறியது. திறப்போடு நீட்டிய கையை வனஜா மடக்கிக்கொண்டாள்.

இப்போது நான் ஒருவரின் சிரிப்பைப் பார்ப்பதில்லை. அடுத்த உயிரின் நோவை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனிக்கிறேன். கண்டதை மட்டுமே சொல்கிறேன்.

“இனிச் சொல்லும், அவரோ நானோ திறமான ஆள்?” என்று வனஜாவைக் கேட்டேன்.

“அவர் சட்டையாவது அயன் பண்ணிப் போடுவார்.”