ஐந்தாம் தலத்தில் விழுந்த சிலுவை

லூர்தம்மாள் இறந்த செய்தி வந்தபோது நான் மூணாறு பஜாரில் குடை ரிப்பேர்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். போனில் லூர்தம்மாளின் மகள் ஜெயராணி. “மாமா, அம்மா போயிட்டாங்க. காலைல கஞ்சி கேட்டாங்க. ரெண்டு கரண்டிதான் குடிச்சாங்க” என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க மாமா. ‘அருள்ராஜ் சொல்லிட்டானா’ன்னு கேளுன்னாங்க. என்னன்னு எனக்குப் புரியல” என்றாள். எனக்குப் புரிந்தது. குடையை அங்கேயே விட்டுவிட்டு ஜீப் ஏறினேன்.

அடக்கத்தன்று கல்லறையில் என்னைத்தான் பேசச் சொன்னீர்கள். கோயில் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் பேசினேன். நல்ல உழைப்பாளி என்றேன், செபமாலையைக் கைவிடாதவர் என்றேன். எல்லாம் உண்மை. பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை. இன்று முப்பதாம் நாள் பூசை. வாய்க்கு வந்தபடி பேசினால் வழக்கம்போல நழுவிவிடுவேன் என்று தெரிந்து, இதை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்து முடிப்பது என்று முடிவோடுதான் வந்திருக்கிறேன்.

லூர்தக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நான் ஃபேக்டரியில் ஃபிட்டர். மழைக்காலத்தில் ஒருநாள் டிராக்டர் பழுதாகி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதன் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து வழுக்குகிற பாதையில் இறங்கி வந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி பாரம் தாங்காமல் தடுமாறினாள். லூர்தக்கா தன் சாக்கை இறக்காமலே அவள் பக்கத்தில் நின்று, “கழுத்த வெறைக்காத. சும்மாட்ட நம்பி விடு. பாரத்த எதுத்து நின்னா அது ஒன்னயத் தள்ளும்” என்று சொல்லிக் கொடுத்தார். அக்கா தலையில் சாக்குக்கு அடியில் இருந்தது, பழைய சேலைத் துணியைச் சுருட்டி அவரே செய்த சும்மாடு. நான் சும்மா இருக்காமல், “தலைக்குள்ள ஒண்ணும் இல்லாததால அக்காவுக்குப் பாரம் தெரியல போல” என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, “ஒன் தலைல சாக்கு வைக்கவே எடம் இருக்காது தம்பி. அவ்வளவு பெரும ஏறிக் கெடக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அது சுருக்கென்று தைத்தது.

எங்கள் எஸ்டேட் டிவிஷனில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் அக்காவின் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் வாசலில் தூக்கும் மரச்சிலுவை மலை உச்சிக்குப் போய்ச் சேரும் வரை தரையில் படக் கூடாது. பதினான்கு தலங்களிலும் நின்று செபம் சொல்லும்போதும் அது தோளில்தான் இருக்கும். ஒவ்வொரு தலத்திலும் ஆள் மாறுவார்கள். கீழே பட்டால் அந்த வருஷம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஆகாது என்று ஒரு பயம். சுமப்பவர்கள் ஆண்கள். தலங்களில் செபம் வாசிப்பவர் லூர்தக்கா. இருபது வருஷம் அவர்தான் வாசித்தார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்.

பழைய சிலுவை சில்வர் ஓக் கட்டையில் செய்தது. சின்னது, இலேசானது. எதிர்மலை டிவிஷன்காரர்கள் ஒரு வருஷம் நம்முடையதைவிடப் பெரிதாக ஒன்று செய்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கமிட்டியில் சண்டை போட்டு, கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்தில் பத்தடி உயரத்துக்குப் புதிதாகச் செய்ய வைத்தேன். கிராண்டிஸை வெட்டினால் மாதக்கணக்கில் காயப்போட வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் தவக்காலம் பாதி போன பிறகு வெட்ட வைத்தேன். பச்சை மரத்தை இழைத்து வார்னிஷ் அடித்ததும் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. லூர்தக்கா மட்டும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது காயல. மரத்தச் சொமக்கல, தண்ணியச் சொமக்கப் போறீங்க” என்றார். “சிலுவைன்னா கனமாத்தான் இருக்கும் அக்கா” என்றேன். “இது தூக்குறதுக்குச் செஞ்ச மாதிரி தெரியல. காட்டுறதுக்குச் செஞ்ச மாதிரி இருக்கு” என்றார். நான் வேறு பேச்சு பேசி மழுப்பினேன்.

அந்தப் பெரிய வெள்ளியன்று நான் முன்னால் தோள் கொடுத்தேன். பின்முனையை இன்னொருவர் பிடித்திருந்தார். அவர் இப்போது இல்லை, அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டாம் தலத்திலேயே நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. மூன்று, நான்கு என்று நானே சுமந்தேன். எதிர்மலையில் அவர்களுடைய ஊர்வலம் ஏறுவது தெரிந்தது. நாங்கள் ஏறுவதும் அங்கிருந்து தெரியும் அல்லவா, அதுதான் காரணம். ஐந்தாம் தலம் பாறைப் படிக்குப் பக்கத்தில். சிரேன் ஊர் சீமோன் இயேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவிய தலம். நீங்கள் எல்லாரும் முழந்தாளிட்டுத் தலை குனிந்திருந்தீர்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, பின்முனையைப் பிடித்திருந்தவருக்கும் முன்னால் நடப்பது தெரியாது. என் சட்டை தோளில் ரத்தத்தோடு ஒட்டிக்கிடந்தது. வாசிப்பு முடிந்ததும் லூர்தக்கா புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்தார். கல்லில் முழந்தாளிடுவதற்கு அவர் எப்போதும் தன் சும்மாட்டைத்தான் கொண்டுவருவார். அதை என்னிடம் நீட்டி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “தோள மாத்து. இல்லன்னா இத வச்சுக்கோ, ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்” என்றார்.

“தள்ளிப் போங்க. பொம்பளைங்க தொடக் கூடாது” என்று சொல்லி, அவரை ஒரு கையால் தள்ளினேன். சிலுவையை விட்டு அந்தக் கையை எடுத்ததும் அது நழுவியது. பாறைப் படியில் விழுந்து ஒரு பக்கக் குறுக்குக்கட்டை முறிந்தது. அந்தச் சத்தம் உங்களுக்கும் நினைவிருக்கும். எல்லாரும் எழுந்து ஓடி வந்தார்கள். “என்னாச்சு?” என்று யாரோ கேட்டார். “அக்கா வந்து இழுத்துட்டாங்க” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே அவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் என்னைக் கூசச் செய்கிறது. லூர்தக்கா என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கிட்டே வந்து, “ரத்தம் வருது” என்று சொல்லி, அந்தச் சும்மாட்டை என் தோளில் வைத்து அழுத்தினார். முறிந்த கட்டையைக் கயிற்றால் கட்டி மற்றவர்கள் உச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து கமிட்டி கூடியது. ‘பெண் ஒருவர் குறுக்கே வந்து பிடித்ததால் சிலுவை விழுந்தது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியது என் கை. இனி பெண்கள் சிலுவைக்கு அருகில் வரக் கூடாது, லூர்தம்மாள் செபம் வாசிக்க வேண்டாம் என்று முடிவானது. அடுத்த வருஷத்திலிருந்து மைக் வைத்து நான் வாசித்தேன்.

தீர்மானம் எழுதிய மறுநாள் அவர் ஃபேக்டரி வாசலுக்கு வந்தார். அழவில்லை, கத்தவில்லை.

“எப்ப சொல்லப் போற?” என்று கேட்டார்.

“என்னத்த?”

“மூணே வார்த்த. ‘சிலுவைய நான்தான் போட்டேன்’. நான் சொன்னா லயம் ரெண்டு கட்சியா நிக்கும். ஒன் வீட்டுக்காரங்க ஒரு பக்கம், என் வீட்டுக்காரங்க ஒரு பக்கம், கல்யாணம் கருமாதிக்குக்கூடப் பேச்சுவார்த்தை இருக்காது. நீ சொன்னா அன்னைக்கே முடிஞ்சிரும். அதனால நீதான் சொல்லணும்.”

நான் சும்மாட்டைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். “ஒங்கிட்டயே இருக்கட்டும். சொல்ற அன்னைக்குக் குடு” என்றார். கிளம்பும்போது திரும்பி, “ஆண்டவரே மூணு தடவ விழுந்தாரு அருள்ராஜ். அத ஒளிக்காமத்தான புஸ்தகத்துல போட்டு வருஷா வருஷம் வாசிக்கோம். விழுந்தது குத்தமில்ல. விழலைன்னு நிக்கிற பாரு, அதான் குத்தம்” என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு பெரிய வெள்ளிகள். கடைசி வரிசையில் நிற்பார். ஐந்தாம் தலத்தில் நான் வாசித்து முடித்ததும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார். வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். நான் வேகமாக ஆறாம் தலத்துக்குப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

நான்கு வருஷத்துக்கு முன் என் மனைவி பிலோமினாவுக்கு வயிற்று வலி வந்து துடித்தாள். மண் சரிந்து ரோடு அடைத்திருந்தது. ஜீப் நிற்கிற இடம் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து நானும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். பாதி வழியில் என்னால் முடியவில்லை, மூச்சு வாங்கியது. பின்னால் குடை பிடித்து வந்த லூர்தக்கா என் கையருகே கை வைத்து, “இப்பவாச்சும் விடுவியா?” என்றார். விட்டேன். அறுபத்தேழு வயதில் அவர் அந்தச் சேற்றில் ஒரு தடவைகூடக் கால் பிசகாமல் பிலோமினாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிலோமினா பிழைத்து இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒருவரை நம்பி என் பாரத்தைக் கொடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து வந்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். மனசு லேசான தைரியத்தில் அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “நல்லது. கடவுளுக்குச் சொல்லிட்ட, அவருக்கு முன்னமே தெரியும். லயத்துக்குத்தான் தெரியாது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கடவுளே மன்னித்த பிறகு இந்தப் பொம்பளைக்கு என்ன பிடிவாதம் என்று வீட்டில் வந்து கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்று பிலோமினாவுக்குத் தெரியாது. இன்று தெரிந்திருக்கும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். சுவரில் ஒரு பாடுபட்ட சுருபம், சிலுவையில் அறையப்பட்ட இயேசு, இருந்தது. “பயமா இருக்கா அக்கா?” என்று கேட்டேன். “எதுக்குப் பயம்? அவரப் பாரு. ரெண்டு கையயும் விரிச்சுக் கெடக்காரு. விரிச்ச கைல எதயாச்சும் ஒளிச்சு வைக்க முடியுமா? அந்த மாதிரி வெறுங்கையோட அவருகிட்டப் போய் நிக்கணும். மீட்புன்னு நான் நெனைக்கிறது அதத்தான்” என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்து, “நீ இன்னும் மூடித்தான் வச்சிருக்க” என்றார். வலியிலும் கேலி போகவில்லை. “சொல்லிருவ. எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் குடைக்கடையில் போன் வந்தது.

அன்பானவர்களே, இன்று நான் கேட்பது இரக்கம் இல்லை. தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். நான் எழுதிய அந்த வரிக்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செயலாளர் பொறுப்பை இன்றோடு விடுகிறேன். வரும் பெரிய வெள்ளிக்குப் பழைய சில்வர் ஓக் சிலுவையைத் தூக்குங்கள். பெண்கள் தோள் கொடுக்கட்டும். பாரம் சுமக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். செபத்தை ஜெயராணி வாசிக்கட்டும். நான் கடைசி வரிசையில், அக்கா நின்ற இடத்தில் நிற்பேன். யார் என்ன சொன்னாலும் அங்கிருந்து நகர மாட்டேன்.

ஜெயராணி, இதோ உன் அம்மாவின் சும்மாடு. பதினோரு வருஷம் என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. என் ரத்தக் கறை இன்னும் போகவில்லை. சொல்லும் நாளில் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை, அதனால் இதை நான் வைத்துக்கொள்ள முடியாது. நான் வைத்துக்கொள்வது வேறு. பொய் சொன்னவன் என்று தெரிந்தும், இவன் ஒருநாள் உண்மையைச் சொல்வான் என்று என்னை நம்பிக் காத்திருந்தார் அல்லவா, அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்கிறேன். அதற்கு நான் தகுதியானவன் இல்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று இங்கே ஏறி நின்றேன்.

உன் அம்மா கேட்கச் சொன்ன கேள்விக்கு அன்று போனில் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எல்லார் முன்னிலையிலும்.

சிலுவைய நான்தான் போட்டேன்.

சொல்லிட்டேன் அக்கா.